ஐந்து மாதம், மூன்று சீட்டு, ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை

இந்த கிளினிக்குக்கு 5க்கு 2 நட்சத்திரம் கொடுக்கிறேன். இரண்டும் வரவேற்பில் இருக்கும் பெண்களுக்கும் சுத்தத்துக்கும். டோக்கன் வரிசை தவறுவதில்லை, கழிவறையில் தண்ணீர் வருகிறது. அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

எனக்கு 43 வயது, எடை 92 கிலோ. திருச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை மாடியில், 16 படி. போன ஆடியிலிருந்து அந்தப் படிகளை ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் வரை நீண்டது. இதற்கு நடுவில் பச்சரிசியை மெல்லாமல் இருக்க முடியவில்லை. தையல் மிஷின் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் வைத்திருப்பேன். இந்த மூன்றையும் மூன்று முறை இந்த கிளினிக்குக்கு வந்து சொன்னேன்.

எடை மெஷின் காத்திருக்கும் கூடத்தின் நடுவில் இருக்கிறது. நர்ஸ் எண்ணை உரக்கச் சொல்ல, மேஜையில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். இருபது வருடமாகப் பெண்களுக்கு அளவெடுக்கிறேன். ஒருவருடைய அளவையும் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி சொன்னதில்லை, நோட்டில் குறித்துக்கொள்வேன்.

அடுத்து ரத்த அழுத்தம். கைப்பட்டை என் மேற்கையில் ஒட்டாமல் பிரிந்துகொண்டே வந்தது. நர்ஸ் அதை அழுத்திப் பிடித்தபடியே பார்த்து 150/96 என்று எழுதினார். பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தத்தை உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும். சாதாரணப் பட்டை 34 சென்டிமீட்டர் சுற்றளவு வரைக்கும்தான். என் டேப்பில் என் கை 41.

டாக்டர் சீட்டில் 92ஐப் பார்த்ததோடு சரி. "இந்த உடம்புக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும்?" பச்சரிசியைச் சொன்னேன். "அரிசியையும் தின்றுகொண்டு எடை குறையவில்லை என்றால் எப்படியம்மா?" என்று கேட்டுவிட்டு, அச்சடித்த உணவுத் தாள் ஒன்றை நீட்டினார். மூன்றாவது முறையும் அதே தாள். மூன்று முறையும் ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்திலேயே கிடந்தது. மாதவிலக்கைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கடைசி முறை ஆட்டோவில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். பிறகு இரண்டு மாதம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. தப்பு என் மேல்தான் என்று நம்பி, இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். தலைசுற்றல்தான் கூடியது.

மாசியில் கடையிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டேன். ஜாக்கெட் வாங்க வந்த அக்கா ஒருவர் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த பெண் டாக்டர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. "அரிசி, சாம்பல், ஐஸ்கட்டி என்று எதையாவது தின்னத் தோன்றுகிறதா அக்கா?" என்று அவரே கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அப்படித் தோன்றுமாம். இமையை இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காசும் இல்லை.

ஹீமோகுளோபின் 7.1. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி, 5 சென்டிமீட்டர். இவ்வளவு நாள் ரத்தம் போனது அதனால்தான். இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். பெரிய பட்டை கட்டிப் பார்த்தபோது அழுத்தம் 134/84.

சுகாதார நிலைய டாக்டரும் எடையைப் பற்றிப் பேசினார். "ரத்தம் ஏறட்டும், அப்புறம் நடைப்பயிற்சியைப் பார்க்கலாம். இப்போது நடக்கச் சொன்னால் எப்படி நடப்பீர்கள்?" என்றார். எடையைப் பேசுவதில் எனக்கு வருத்தமே இல்லை. சொல்ல வந்த நோயைக் கேட்ட பிறகு பேசினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே வருகிற குண்டான பெண்கள் யாராக இருந்தாலும், மூச்சு வாங்கினால் ரத்தப் பரிசோதனை எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள், வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். நிர்வாகத்துக்கு: பெரிய கைப்பட்டை ஒன்று வாங்குங்கள், எடை மெஷினைத் திரைக்குப் பின்னால் நகர்த்துங்கள். செய்துவிட்டுச் சொன்னால், வந்து பார்த்து இந்த மதிப்புரையை மாற்றி எழுதுகிறேன்.