14,800 ரூபாய் போச்சு: குன்னூர் மலை ரயில் பேக்கேஜ் என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் படியுங்கள்

எழுதும்போதே கை நடுங்குகிறது. நேற்று முன்தினம் நடந்தது இது.

குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி ரயிலில் கூட்டிப்போகிறோம் என்று ஒரு விளம்பரம். சுற்றுலா ஏற்பாடு செய்கிற ஆள், அலுவலகம் எதுவும் கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ரயிலில் முன்பதிவு இருக்கை, காலை டிபன், குன்னூரில் வேன், பூங்கா நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 3,700. நாங்கள் நான்கு பேர். மொத்தம் 14,800 ரூபாய், ஒரே தவணையில் ஜிபேயில் அனுப்பினேன்.

ஏன் நம்பினேன் என்றால், பெரியப்பாவால். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுவதையும், இன்ஜினில் இரண்டு சிலிண்டர் சக்கரத்துக்கு, இரண்டு சிலிண்டர் பல்சக்கரத்துக்கு என்று தனித்தனியாக இருப்பதையும் எங்களுக்கு எத்தனையோ தடவை படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்த ஆள் போனில் இருபது நிமிஷம் பொறுமையாக அவர் சொன்னதை எல்லாம் கேட்டான். கடைசியில், "ஐயா, குன்னூர்ல இறங்கினதும் இன்ஜின் டிரைவர்கிட்டயே உங்களைப் பேச வைக்கிறேங்க" என்றான். பெரியப்பா போனை என்னிடம் கொடுத்து, "பணத்தைக் கட்டிரு சாமி" என்றார். கட்டினேன்.

டிக்கெட் என்று ஒரு படம் அனுப்பினான். பிஎன்ஆர் எண், தேதி, 7.10 புறப்பாடு, எங்கள் நாலு பேர் பெயர் எல்லாம் இருந்தது. கன்ஃபர்மா இல்லையா என்று காட்டுகிற வரி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

விடியற்காலையே ஈரோட்டிலிருந்து கிளம்பி ஆறரைக்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். சார்ட்டில் எங்கள் பெயர் இல்லை. கவுண்டரில் காட்டினேன். "இது வெயிட்டிங் லிஸ்ட்ங்கம்மா. சார்ட் போட்டதும் தானா கேன்சல் ஆயிரும். பணம் யார் புக் பண்ணினாங்களோ அவங்க அக்கவுண்ட்டுக்குத்தான் போகும்" என்றார். அதாவது டிக்கெட் காசும் அவனுக்கே திரும்பிப் போயிருக்கிறது! முன்பதிவில்லாத சில இருக்கைகளும் அதற்குள் தீர்ந்துவிட்டன.

இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, நீலப் பெட்டிகள் நகர்ந்து போயின. பெரியப்பா பிளாட்பாரத்தில் தூக்குப் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். புகை மறைகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அப்புறம் பஸ்ஸில் குன்னூர் போனோம். வேனும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. வரிசையில் நின்று நாங்களே சீட்டு வாங்கினோம்.

அவன் சொன்ன பதில்கள் இவை. காலையில்: "அக்கா, ஸ்டேஷன்ல நம்ம பையன் இருப்பான் பாருங்க." எட்டு மணிக்கு: "டிரைவிங்ல இருக்கேங்க்கா." மதியம்: "டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாதது ரயில்வே தப்பு, நான் என்ன பண்ண?" இரவு: "ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட் வந்துரும்." நேற்றுக் காலையில் என்னை பிளாக் செய்துவிட்டான். மகன் எண்ணிலிருந்து அழைத்தேன். குரல் கேட்டதும் வைத்துவிட்டான். 14,800 ரூபாய்!

1930 என்ற உதவி எண்ணில் சைபர் புகார் பதிந்திருக்கிறேன். வங்கியிலும் சொல்லியிருக்கிறேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். மலை ரயில் டிக்கெட்டை ஐஆர்சிடிசியில் உங்கள் கணக்கிலேயே எடுங்கள். வேறு யாராவது எடுத்துக் கொடுத்தால் பிஎன்ஆரை ரயில்வேயின் 139 எண்ணில் நீங்களே சரிபாருங்கள், படத்தை நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

இன்று மகன் போனில் பார்த்தால் அதே ஆள், அதே ரயில் படம், அடுத்த வாரத்துக்குப் புது விளம்பரம் போட்டிருக்கிறான். "சில இருக்கைகளே மீதம்" என்று. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிஎன்ஆரை இப்பவே பாருங்கள்.