எம்எஸ்பி430எஃப்ஆர்5969 லாஞ்ச்பேட்: கியூப்சாட் கட்டுகிறவர்களுக்காக ஒரு மதிப்புரை

எம்எஸ்பி430எஃப்ஆர்5969 சிப்பை வைத்துப் பழக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) விற்கும் இந்தச் சிவப்பு போர்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மின்சாரச் சிக்கனத்தைத்தான் பேசுவார்கள். நான் வாங்கியதற்குக் காரணம் வேறு. பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர்களோடு சேர்ந்து கியூப்சாட் என்னும் சிறு செயற்கைக்கோளுக்கான கணினிப் பலகை செய்துவருகிறேன். எனக்கு வேண்டியது இந்த சிப்புக்குள் இருக்கும், மின்சாரம் போனாலும் தகவலை மறக்காத 64 கிலோபைட் எஃப்ரேம் நினைவகம். விண்வெளிக் கதிர்வீச்சை மனதில் வைத்துக்கொண்டு இதை வாங்கலாமா என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மின்சாரம் இருக்கும்வரை மட்டும் தகவலை வைத்திருக்கும் சாதாரண எஸ்ரேம் நினைவகத்தில் ஒரு பிட் என்பது ஆறு டிரான்சிஸ்டர்கள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தியிருக்கும் மின்னழுத்தம். வேகமாக வரும் அயனி ஒன்று சிலிக்கானைத் துளைத்துக்கொண்டு போகும்போது வழியெல்லாம் மின்னூட்டத்தை விட்டுச்செல்கிறது. அது போதுமான அளவு சேர்ந்தால் 0 இருந்த இடத்தில் 1 வந்துவிடும். சிப் கெடுவதில்லை, அதில் இருந்த தகவல்தான் மாறிப்போகிறது. சனிக்கோளுக்குப் போன காசினி விண்கலத்தில், தரவைப் பதிந்துவைக்கும் டிரேம் நினைவகங்களில் நாளுக்குச் சுமார் 280 பிட்டுகள் இப்படிப் புரண்டன. 1997 நவம்பர் 6 அன்று சூரியனிலிருந்து துகள் வெள்ளம் வந்தபோது அந்த ஒரு நாளில் மட்டும் எண்ணிக்கை நான்கு மடங்கைத் தாண்டியது. பிழைதிருத்தும் குறியீடு இருந்ததால் விஞ்ஞானத் தரவு பிழைத்தது. நம் கியூப்சாட்டுகள் பறக்கும் தாழ் சுற்றுப்பாதையில் இவ்வளவு மோசமில்லை. ஆனால் பிரேசிலை ஒட்டிய தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே போகும்போதெல்லாம் புரோட்டான் மழையில் நனைந்துதான் ஆகவேண்டும். பிட் புரள்வதில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

எஃப்ரேம் இந்தச் சிக்கலை அடியிலிருந்தே மாற்றுகிறது. இதில் பிட்டை வைத்திருப்பது மின்னூட்டம் அல்ல. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஒரு படிகத்தில் நடுவில் இருக்கும் அணு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதுதான் பிட். பக்கத்தில் ஒரு துகள் கொஞ்சம் மின்னூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போனால் அந்த அணு இடம் மாறாது. ஃபிளாஷ் நினைவகத்தின் இன்னொரு தொல்லையும் இதில் இல்லை. ஃபிளாஷில் எழுத 10 வோல்ட்டுக்கு மேல் தேவை. அதை உண்டாக்கும் சார்ஜ் பம்ப் சுற்றுதான் கதிர்வீச்சு சேரச் சேரப் பெரும்பாலும் முதலில் படுத்துவிடும். எஃப்ரேமுக்கு 1.5 வோல்ட் போதும். எழுதித் தேய்க்கவும் முடியாது: ஃபிளாஷ் பத்தாயிரம், லட்சம் தடவைகளில் களைத்துவிடும், இதற்கு டிஐ சொல்லும் கணக்கு 10-இன் 15 அடுக்கு. இதைப் படித்தால் அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் படித்ததைத் திரும்ப எழுதிவைக்கிறது. பழைய காந்த வளைய நினைவகமும் இதே வழியில்தான் வேலை செய்தது. அப்பல்லோவில் நிலவுக்குப் போன கணினியில் இருந்தது அந்த வகைதான்.

இது சோதனைக்கூடச் சமாச்சாரம் மட்டும் இல்லை. ஐசிஸ்பேஸ் நிறுவனம் விற்கும் கியூப்சாட் கணினியில் எஃப்ரேம் இருக்கிறது, கோம்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஏ3200 கணினியிலும் 32 கிலோபைட் இருக்கிறது. முக்கியமான அமைப்பு விவரங்களை அங்கே வைப்பது வழக்கமாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது மின்சாரத்தைப் பிடுங்கும் சோதனை. கதிர்வீச்சில் பிட் புரள்வதைவிட ஆபத்தானது லாட்ச்-அப். துகள் ஒன்று சிப்புக்குள் ஒளிந்திருக்கும், திறந்தால் தானாக மூடாத தைரிஸ்டர் பாதையைத் திறந்துவிட, மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாயும். உடனே மின்சாரத்தை வெட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்தால்தான் சிப் பிழைக்கும். நான் இதை விளக்கியதும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், கரண்டை கட் பண்ணினா அதுவரைக்கும் செஞ்சதெல்லாம் போயிடாதா?" எஸ்ரேமில் போய்விடும். எஃப்ரேமில் போகாது. போர்டிலேயே கொஞ்ச நேரத்துக்கு மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் 0.1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் ஓடவிட்டு, மெல்ல மெல்ல மின்னழுத்தம் இறங்கி சிப் அணைந்து, மறுபடி உயிர் வந்ததும் எண்ணி நிறுத்திய இடத்திலிருந்தே எண்ணத் தொடங்கியதைப் பார்த்தபோது மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். நிரலில் ஒரு மாறிக்கு (வேரியபிள்) மேலே 'பெர்சிஸ்டென்ட்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அது எஃப்ரேமுக்குப் போய்விடும். தனி டிரைவர், அழித்து எழுதும் சடங்கு எதுவும் வேண்டாம்.

சரி, இப்போது கவனிக்க வேண்டியவை. இந்த சிப்பில் எஃப்ரேமோடு 2 கிலோபைட் எஸ்ரேமும் இருக்கிறது. வழக்கமான அமைப்பில், நிரல் ஓடும்போது தற்காலிக மதிப்புகளை வைக்கும் ஸ்டாக் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். செயலி கணக்குப் போடும் ரெஜிஸ்டர்கள், எஃப்ரேமைச் சுற்றியிருக்கும் முகவரிச் சுற்றுகள் எல்லாமே சாதாரண சிமாஸ் டிரான்சிஸ்டர் சுற்றுகள். அங்கெல்லாம் பிட் புரளும். "எஃப்ரேம் போட்டாச்சு, இனி கதிர்வீச்சுக் கவலை இல்லை" என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: சேமித்த தரவுதான் பத்திரம், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு பத்திரம் இல்லை.

இதில் இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. எஸ்ரேமில் தப்பான மதிப்பு இருந்தால் ரீசெட் அதைத் துடைத்துவிடும். எஃப்ரேமில் தப்பான மதிப்பு ஒரு தடவை எழுதப்பட்டால், எத்தனை ரீசெட் செய்தாலும் அது அப்படியே இருக்கும். ரெஜிஸ்டரில் புரண்ட ஒரு பிட் எழுதும் முகவரியை மாற்றிவிட்டால், நிரல் தன் மேலேயே எழுதிக்கொள்ளவும் கூடும். நிரலும் அதே எஃப்ரேமில்தான் இருக்கிறது, எழுதுவதும் அவ்வளவு சுலபம். இதற்காகவே நினைவகக் காப்புப் பகுதி ஒன்று சிப்பில் உண்டு. எஃப்ரேமை மூன்று துண்டாகப் பிரித்து, நிரல் துண்டில் எழுதத் தடை போட்டு, அந்த அமைப்பையே பூட்டிவிடலாம். விண்ணுக்குப் போகும் எந்த நிரலிலும் இது முதல் வேலையாக இருக்க வேண்டும். தரவுக்கு, ஒவ்வொரு விவரத்தையும் மூன்று நகல்களாக வைத்து, ஒவ்வொன்றோடும் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து எழுதுகிறோம். சிஆர்சி கணக்கிட வன்பொருளே இருப்பதால் நேரம் வீணாவதில்லை.

எஃப்ரேமுக்குள்ளேயே பிழைதிருத்தமும் இருக்கிறது. திருத்த முடிந்த பிழைக்கு ஒரு கொடி, திருத்த முடியாததற்கு இன்னொன்று. இரண்டாவது எழுந்தால் சிப் தானாக ரீசெட் ஆகும்படி அமைக்கலாம். இதை மேசையில் வைத்துச் சோதிப்பதுதான் கடினம். மென்பொருள் வழியாக ஒரு பிட்டை மாற்றினால், அந்த மாற்றத்துக்கும் சேர்த்துச் சரியான குறியீட்டை அதுவே எழுதிக்கொள்ளும். எஸ்ரேமில், அவ்வப்போது நிரலை இடைமறிக்கும் டைமர் இன்டரப்ட் வைத்துக் கண்டபடி பிட்டுகளைப் புரட்டிப் பார்க்கிறோம், அதில் நிறையக் கற்கலாம். எஃப்ரேமின் பிழைதிருத்தத்தை உண்மையாகச் சோதிக்க முடுக்கியில் துகள் கற்றை வேண்டும்.

வேகம் சுமார்தான். செயலி 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும், எஃப்ரேம் 8 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் காத்திருக்க வைக்கும். செயற்கைக்கோளின் நலநிலைத் தரவு சேகரிப்பு, மின்சார மேலாண்மை, ஆன்டெனா விரிப்பது போன்ற வேலைகளுக்கு இது தாராளம். படம் சுருக்க இதை நம்பாதீர்கள்.

இன்னொன்று, இந்த லாஞ்ச்பேடில் இருப்பது சாதாரண வணிகத் தர சிப். இதே சிப்பின் விண்வெளித் தர வடிவத்தை டிஐ 'எஸ்பி' என்ற பின்னொட்டோடு விற்கிறது. மொத்தக் கதிர்வீச்சு அளவு 50 கிலோரேட் (உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு) வரை உறுதி தருகிறார்கள், லாட்ச்-அப் ஆகாது என்றும் சோதித்திருக்கிறார்கள். அந்த உறுதிகள் எதுவும் வணிக சிப்புக்குப் பொருந்தாது. தாழ் சுற்றுப்பாதையில் ஓரிரு வருடம் இருக்கும் மாணவர் செயற்கைக்கோளுக்கு, சில மில்லிமீட்டர் அலுமினியத்துக்குப் பின்னால், சேரும் மொத்த அளவு பெரும்பாலும் சில கிலோரேட் கணக்கில்தான் இருக்கும். அதனால் வணிக சிப்பை வைத்துப் பழகி, பறக்கும் பலகைக்கு மட்டும் எஸ்பி வடிவத்தை வாங்க முடியுமா என்று பாருங்கள். கட்டுப்படியாகாது என்றால், மின்னோட்டம் எல்லை தாண்டியதும் வெட்டிவிட்டுத் திரும்பப் போடும் ஒரு சுவிட்ச், சிப் உறைந்து நின்றால் அதை ரீசெட் செய்ய சிப்புக்கு வெளியே ஒரு வாட்ச்டாக் சுற்று இரண்டும் கட்டாயம். எங்கள் அடுத்த பலகைக்கு இதன் அண்ணன் எஃப்ஆர்5994-ஐ எடுத்திருக்கிறோம். அதில் 256 கிலோபைட் எஃப்ரேம் இருப்பதால் மூன்று நகல் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கிறது.