டவுன்ஹால் பக்கம் சாப்பிட வருகிறவர்கள் பில்லை வரி வரியாகப் பாருங்கள்

கோவை டவுன்ஹால், ராஜ வீதி, பெரிய கடை வீதி, கோட்டைமேடு இவற்றைச் சுற்றிப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக இந்தப் பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த வட்டாரத்தில் ஓர் ஓட்டலில் சாப்பிட்ட நால்வரின் பில் கைக்கு வந்தது. தொகை 1,775 ரூபாய். கடையின் பெயர் வேண்டாம். இதே மாதிரி பில் பல இடங்களில் கிழிக்கப்படுகிறது, எப்படிக் கிழிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

பில்லில் இருந்தது இது: மட்டன் பிரியாணி இரண்டு 560, சாப்பாடு இரண்டு 320, நாட்டுக்கோழி வறுவல் ஒன்று 340, மட்டன் சுக்கா ஒன்று 260, ஆம்லெட் இரண்டு 50, தண்ணீர் பாட்டில் இரண்டு 80. கூட்டினால் 1,610. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 5 சதவீதம், 80.50. இரண்டையும் சேர்த்து அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், 84.53.

நால்வரும் வாய் திறந்து கேட்டது பிரியாணி, சாப்பாடு, வறுவல், இந்த மூன்றை மட்டும்தான். அது 1,220 ரூபாய். மீதி 555 எப்படி ஏறியது என்று பாருங்கள்.

முதலில் சுக்காவும் ஆம்லெட்டும். இலை போட்டு இரண்டு நிமிடத்தில் ஒரு தட்டில் சுக்கா, சிந்தாமணி சிக்கன், ஈரல், ஆம்லெட் என்று வகைவகையாக அடுக்கிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். "சும்மா பாருங்க, வேண்டாம்னா எடுத்துக்கறேனுங்க" என்பார்கள். குழந்தை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டால் அந்தக் கிண்ணம் முழுசும் உங்கள் கணக்கு. தட்டு வந்தவுடன், கை வைக்கும் முன்பே, திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். விருப்பமென்றால் விலை கேட்டு, ஒரு கிண்ணத்தை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லி, மீதியை அப்போதே அனுப்பிவிடுங்கள். மேஜையில் விட்டு வைத்தால் யார் எதைத் தொட்டார்கள் என்று கல்லாவில் நிரூபிக்க முடியாது.

அடுத்தது தண்ணீர். 20 ரூபாய் அச்சிட்ட பாட்டிலுக்கு 40 போட்டிருக்கிறார்கள். இதில் சட்டம் நம் பக்கம் அவ்வளவாக இல்லை. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றமில்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பாட்டிலின் மூடியைத் திறக்காமல், "சொம்புத் தண்ணி போதுங்க" என்று உட்காரும்போதே சொல்லிவிடுவதுதான் வழி. அதே பாட்டிலை வெளியே பெட்டிக்கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் அது குற்றம், அங்கே விடாதீர்கள்.

சர்வீஸ் சார்ஜ் அரசு வரி இல்லை. பில்லில் தானாக அதைச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. "எடுத்துடுங்க" என்று சொன்னால் எடுத்தாக வேண்டும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையில் நேராகக் கொடுங்கள், அந்தக் காசாவது அவருக்குப் போய்ச் சேரும்.

கடைசியில் ஜிஎஸ்டி. ஏமாற்றுகிறார்கள் என்றே தெரியாமல் ஏமாறுவது இங்கேதான். சாதாரண ஓட்டலில் ஏசி அறையானாலும் வெளி ஹாலானாலும் வரி 5 சதவீதம்தான், மத்திய பங்கு 2.5, மாநில பங்கு 2.5. "ஏசிங்க, அதனால 18" என்பது 2017 நவம்பரோடு முடிந்துபோன கதை. ஏசிக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருந்தால் அது வேறு விஷயம், ஆனால் அந்த விலை மெனு கார்டிலேயே இருக்க வேண்டும். மேலே சொன்ன பில்லில் ஜிஎஸ்டி எண்ணே அச்சாகவில்லை. எண் இல்லாத கடை ஒரு பைசாகூட வரி என்று வசூலிக்க முடியாது. எண் இருந்தாலும் பாருங்கள்: 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடையென்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கடை 'ரெகுலர்' வகையா 'காம்போசிஷன்' வகையா என்று ஒரு நிமிடத்தில் காட்டும். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் ஓட்டல்கள் பல காம்போசிஷனில் இருக்கும். அவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், சாப்பிட்டவரிடம் தனியாக வாங்கக் கூடாது. வாங்குகிற கடைகளில் அந்தப் பணம் அரசுக்குப் போவதில்லை, கல்லாவிலேயே நின்றுவிடுகிறது.

கேட்டு வாங்கிய 1,220-ல் அந்த 340 ரூபாய் வறுவலும் சரியில்லை. நாட்டுக்கோழி என்று எழுதி லேயர் கோழியைப் போடுவது கொங்கு நாட்டில் பழைய தந்திரம். நாமக்கல் பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்த கோழிகள் மலிவாக வெளியே வரும். சதை கெட்டியாக இருப்பதால் பழக்கமில்லாதவருக்கு நாட்டுக்கோழி மாதிரியே தோன்றும். துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேயரில் தோலுக்கடியில் மஞ்சள் கொழுப்பு தடிமனாக ஒட்டியிருக்கும், குழம்பானால் மேலே எண்ணெயாக மிதக்கும், சதை ரப்பர் போல இழுபடும். நாட்டுக்கோழியில் தோல் மெலிசு, கொழுப்பு குறைவு, எலும்பு ஒல்லி, சதை நார்நாராகப் பிரியும். "நாட்டுக்கோழியா, லேயரா, கிராஸா (கலப்பினமா)?" என்று பெயர் சொல்லிக் கேட்டாலே ஆள் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டு பேச்சு மாறும்.

பள்ளிபாளையம் சிக்கனும் இப்படித்தான். அதற்கு வேண்டியது சின்ன வெங்காயம், விதை நீக்கிய வர மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், உப்பு, மஞ்சள், அவ்வளவுதான். மசாலாப் பொடியும் தக்காளியும் சேராது, சோள மாவு கிட்டேயே வராது. செக்கச்செவேலென்று வந்து, கை கழுவிய பிறகும் விரலில் சிவப்பு நின்றால் அது கலர் பொடி. தேங்காய்ப் பல்லும் இல்லையென்றால் சில்லி சிக்கனுக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள், திருப்பி அனுப்புங்கள். மீன் வறுவலுக்கு விலை இருக்க வேண்டிய இடத்தில் 'மார்க்கெட் ரேட்' என்று இருந்தால், பொரிக்கப் போடும் முன்பே துண்டு எத்தனை கிராம், விலை என்ன என்று கேட்டுவிடுங்கள்.

சுற்றிப் பார்க்கிற இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "கோட்டையைச் சுத்திக் காட்டறேன்" என்று யாராவது 300, 400 பேசினால் வண்டியில் ஏறாதீர்கள். 1791-ல் முற்றுகை நடந்த கோட்டை இன்று கோட்டைமேடு என்ற பெயரில்தான் இருக்கிறது, சுற்றிப் பார்க்க மதில் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது சங்கமேஸ்வரர் கோவில், டவுன்ஹாலிலிருந்து நடந்தே போய்விடலாம். 1892-ல் கட்டிய விக்டோரியா ஹாலை வெளியில் நின்று பார்ப்பதற்குச் சீட்டு கிடையாது. கோனியம்மன் கோவிலிலும் உள்ளே போகக் கட்டணம் இல்லை. மாசித் தேர் நாளில் மட்டும் ராஜ வீதிப் பக்கம் வண்டியைக் கொண்டுவராதீர்கள்.

எந்தக் கோவிலானாலும் வாசலில் "செருப்பை இங்க விடுங்க, காசு வேண்டாமுங்க" என்று கூப்பிடும் கடையில் விட்டால், திரும்பி வரும்போது அர்ச்சனைத் தட்டுக்குக் காசு கேட்பார்கள். தட்டு வாங்குவதானால் தேங்காய், பழம், பூ சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசுங்கள். அர்ச்சனைச் சீட்டை உள்ளே கவுன்டரில் வாங்குங்கள். சீட்டில்லாமல் கையில் கொடுப்பது கோவில் கணக்கில் சேராது.

ஓட்டலில் உட்கார்ந்ததும் மெனு கார்டை விலையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய துண்டுச் சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அச்சிட்ட பில் கேளுங்கள். அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். போனில் பணம் கட்ட கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் கடைப் பெயருக்குப் பதிலாக யாரோ தனி ஆளின் பெயர் வந்தால், பணம் அனுப்பும் முன் கேளுங்கள். திருத்த மறுத்தால் அங்கேயே நின்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள், சண்டை வேண்டாம். பணம் கட்டிவிட்டு வந்திருந்தாலும் புகார் கொடுக்கலாம். அதற்குத் தேதி, தொகை, கடைப் பெயர் மூன்றும் தெளிவாகத் தெரியும் பில் வேண்டும். அந்த வழவழப்பான தாள் பர்ஸில் கிடந்தாலோ காருக்குள் வெயில் பட்டாலோ எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.