சிம் ஆட்டமா, ஷானன் ஆட்டமா?

ஒரு தாளும் இரண்டு நிறப் பேனாக்களும் போதும், இந்த இரண்டையும் ஆடிவிடலாம். விறுவிறுப்புக்குச் சிம். ஆனால் வெற்றியின் காரணம் கைக்குச் சிக்குவது ஷானனில்தான். எனக்கு அதுதான் உசத்தி.

சிம்மில் ஆறு புள்ளிகள், எல்லா ஜோடிகளையும் இணைக்கும் 15 கோடுகள். ஒருவர் சிவப்பு, மற்றவர் நீலம். முறை வைத்து ஆளுக்கொரு கோட்டுக்கு நிறம் தீட்ட வேண்டும். தன் நிறத்தில் முக்கோணம் விழுந்தால் தோல்வி. கஸ்டாவஸ் சிம்மன்ஸ் 1969-இல் வெளியிட்ட ஆட்டம் இது. டிரா என்பதே கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஐந்து கோடுகளில் குறைந்தது மூன்று ஒரே நிறமாக இருந்தே தீரும். அது சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றின் மறுமுனைகளை இணைக்கும் கோடுகளில் ஒன்று சிவப்பானாலும் சிவப்பு முக்கோணம். மூன்றும் நீலமென்றால் அதுவே நீல முக்கோணம். என்ன அழகான வாதம்!

சரி, யார் ஜெயிப்பார்? பிழையில்லாமல் ஆடினால் இரண்டாவதாக ஆடுபவர். ஆனால் அந்த வழி சிக்கலானது, நினைவில் நிறுத்தி ஆடுவது கஷ்டம். டிரா இல்லை என்பதற்கு இருக்கும் தெளிவு இதற்கு இல்லை.

கிளாட் ஷானனின் ஆட்டம் இரண்டு புள்ளிகளை இணைப்பது பற்றியது. எல்லாப் புள்ளிகளையும் இணைக்கும் அதன் மாற்று வடிவத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளும் கோடுகளும் கொண்ட ஒரு படத்தில் இருவரும் முறை வைத்து ஆளுக்கொரு கோட்டை எடுப்பார்கள். சிவப்புக்காரர் தன் கோடுகளாலேயே எல்லாப் புள்ளிகளையும் இணைக்கப் பார்ப்பார். நீலக்காரர் முதலில் ஆடித் தடுப்பார். 1964-இல் ஆல்ஃபிரட் லேமன் இதற்கு முடிவு கட்டினார்: பொதுக்கோடு இல்லாத இரண்டு மரங்கள் (மரம் என்றால் சுற்றி வந்து மூடாமல் புள்ளிகளை இணைக்கும் கோடுகள்), ஒவ்வொன்றும் எல்லாப் புள்ளிகளையும் தொடும்படி, படத்துக்குள் இருந்தால் சிவப்புக்கு வெற்றி. இல்லாவிட்டால் நீலத்துக்கு.

க, ச, ட, த என்று நான்கு புள்ளிகள், ஆறு கோடுகள். க-ச-ட-த ஒரு மரம், ச-த-க-ட இன்னொன்று. நீலம் ச-ட கோட்டை எடுத்தால் முதல் மரம் இரண்டு துண்டாகும். சிவப்பு உடனே மற்ற மரத்திலிருந்து ச-த கோட்டை எடுத்து ஒட்டிவிடலாம். ஒவ்வொரு முறையும் இதே பதில்தான்.

ரகசியம் தெரிந்தபின் அதே படத்தில் மறுபடி ஆட ஒன்றுமில்லை என்பது உண்மையான குறை. அதனால் ஒவ்வொரு தடவையும் புதுப் படம் வரையுங்கள். இரண்டு மரங்களைத் தேடுவதே நல்ல புதிர். மேலே சொன்ன படத்தில் ஒரு கோட்டை அழித்தாலே கதை மாறும்: ஐந்தில் சிவப்புக்குக் கிடைப்பது இரண்டு, நான்கு புள்ளிகளை இணைக்க வேண்டியதோ மூன்று.