சரளி வரிசையா, சுசூகியா? வயலினின் முதல் வருடம்

என் மகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க முடிவு செய்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சரளி வரிசை என்ற ஸ்வரப் பயிற்சியில் தொடங்கும் நம் கர்நாடக முறை. மற்றது ஜப்பானின் ஷினிச்சி சுசூகி (1898–1998) வகுத்த முறை.

வித்தியாசம் உட்காருவதிலேயே தொடங்குகிறது. நம் முறையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொள்கிறோம். இடது கைக்குப் பாரம் இல்லை. பின்னாளில் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு விரல் தாராளமாக வழுக்கும். சுசூகி மாணவர் நின்றபடி தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடிக்கிறார்.

அப்புறம் விரல்கள். நாம் தொடங்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் ரி, ஸ-வை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து க-வுக்கு விரலை நன்றாக எட்டிப் போடவேண்டும். சின்னக் கைக்கு இது சிரமம்தான். சுசூகியின் முதல் பாடங்களில் விரல் விழும் இடங்கள் நம் சங்கராபரணத்தினுடையவை. கைக்கு அது எளிது. ஆனால் சுருதிப்பெட்டி ஒலிக்க அந்தச் சின்ன ரி-யைத் தேடிப் பிடிக்கும் பிள்ளைக்குக் காது கூர்மையாகிறது. ஒரே சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், வாசிக்கும்போது வில்லும் வசப்படுகிறது.

சுசூகியில் எடுத்தவுடன் பாட்டு. 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டையே பல தாளக்கட்டில் வாசிக்கிறார்கள். பிள்ளைக்கு உற்சாகம். நம்மிடம் சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சிகளைத் தாண்டித்தான் முதல் பாட்டான கீதம். பல பிள்ளைகள் நடுவிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

சுசூகியின் உண்மையான பலம் கேள்வி ஞானம். எழுத்துக்கு முன் தாய்மொழி காதில் விழுவதுபோல, பாடம் தினமும் வீட்டில் ஒலிக்கவேண்டும். பெற்றோரும் வகுப்பில் உட்காரவேண்டும். குரு பாட, சிஷ்யர் வாசிப்பதே நம் வழக்கமும். ஆனால் வாரம் ஒரு வகுப்பு என்றான பிறகு மற்ற ஆறு நாளும் பிள்ளையிடம் இருப்பது நோட்டுப்புத்தகம் மட்டுமே. இந்த இடத்தில் சுசூகி நம்மை முந்திவிடுகிறார்.

இவை தவிர, மேற்கத்திய இசைக் குறியீட்டைத் தாளில் பார்த்து வாசிக்கும் கிரேடு தேர்வு வழியும் உண்டு. இசைக்குழுவில் வாசிக்க ஆசை என்றால் நல்லது. முதல் வருடத்துக்கு வேண்டாம், கண் தாளிலேயே நின்றுவிடும்.

நாங்கள் கர்நாடக முறையையே எடுத்தோம். இரண்டு பிடிமானத்தையும் ஒரே வருடத்தில் கலப்பது கைக்கு நல்லதல்ல. சுசூகியிடமிருந்து கேட்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் பாடிய வரிசையை அவர் அனுமதியோடு போனில் பதிந்து வந்து, காலையில் தலை பின்னும்போது ஓடவிடுகிறேன். இப்போது மகள் பல் தேய்த்துக்கொண்டே ஜண்டை வரிசையை முணுமுணுக்கிறாள்.