மூட்டு வலிக்கு முகாமில் வாங்கிய பொடி: டப்பாவைத் தூக்கிப் போடுவதற்கு முன் படியுங்கள்

உங்கள் வீட்டில் யாராவது மூட்டு வலிக்கு லேபிள் இல்லாத பொடியோ கேப்சூலோ வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த பயத்தில் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் என் ஆத்தாவை மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டி வந்தது.

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஆத்தாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், வலது கால் மோசம். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் மூன்றாம் நிலை என்றார். பயிற்சி செய்யுங்கள், எடையைக் குறையுங்கள், தாங்க முடியாமல் போனால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார். ஆத்தாவுக்கு அது மருந்தாகவே படவில்லை. "பணம் வாங்கிக்கிட்டு காலை ஆட்டுன்னு சொல்றாரு" என்று வருத்தப்பட்டார்.

செட்டிநாட்டு வீட்டில் வாழ்பவர்களுக்கு அந்த வருத்தம் புரியும். தெருவிலிருந்து முகப்புக்கு ஏறவே ஏழு படி. உள்ளே முற்றம் இருக்கிற வளவுக்கு ஒரு நிலைப்படி, இரண்டாங்கட்டுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். பிறந்து வளர்ந்த வீடு மாதிரி புழங்கிய இடத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். நான் சென்னையில். தங்கச்சி கோயம்புத்தூரில். ஆத்தா தனியாக.

அந்த நேரத்தில்தான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் மூட்டு வலி முகாம், பரிசோதனை இலவசம். ஆத்தா கையில் ஒரு உலோகக் குழாயைப் பிடிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரில் படங்கள் ஓடவிட்டு, பக்கம் பக்கமாக ஒரு ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். கையில் குழாயைப் பிடித்தால் முழங்கால் சவ்வு, அதாவது எலும்போடு எலும்பு உரசாமல் காக்கிற குருத்தெலும்பு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியவே தெரியாது. "ஆச்சி, இப்பவே விட்டா ஆறு மாசத்துல படுக்கைதான். எங்க மூலிகையில சவ்வு திரும்ப வளந்துரும்" என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்துக்குப் பொடி, கேப்சூல், தைலம் எல்லாம் சேர்த்து 14,800 ரூபாய். ரொக்கம் மட்டும். ரசீது கிடையாது. கூடவே ஒரு பத்தியம்: புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, "இங்கிலீஷ் டாக்டர்கிட்ட சொல்லாதீங்க, அவுகளுக்கு இது பிடிக்காது."

இந்தக் கடைசிப் பத்தியத்தைத்தான் ஆத்தா ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. வலியே இல்லையாம். ஒரு வாரத்தில் மாடியேறி வற்றல் காய வைத்தார். அடுத்த மாதம் கிருத்திகைக்குக் குன்றக்குடி மலைப்படி ஏறி இறங்கிவிட்டு வந்து அழுதார், சந்தோஷத்தில். நானும் நம்பினேன். தீர்ந்ததும் கூரியரில் இன்னும் மூன்று மாத மருந்துக்குப் பணம் அனுப்பியது நான்தான். அலுவலகத்தில் இரண்டு பேருக்கு அவர்களுடைய நம்பரையும் கொடுத்தேன். அந்த இரண்டு பேரையும் பிறகு கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

இப்போது திரும்பிப் பார்த்தால் அறிகுறி எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. முகம் உப்பி வட்டமாகியது. ஊரில் எல்லோரும் "செழிப்பா இருக்கீக ஆச்சி" என்றார்கள். பசி கூடியது, நான்கு மாதத்தில் ஆறு கிலோ ஏறியது. லேசாக இடித்துக்கொண்டாலே முன்கையில் ஊதாத் திட்டுகள். எல்லைக்கோட்டில் இருந்த சர்க்கரை 300ஐத் தாண்டியது. வயதானால் வரத்தானே செய்யும் என்று சர்க்கரைக்குத் தனியாக மாத்திரை வாங்கினோம்.

ஆறாம் மாதம் அந்த நம்பர் அணைந்துபோனது. கூரியர் வரவில்லை, பொடி தீர்ந்தது. முதலில் வலி திரும்பியது, முன்பைவிடக் கடுமையாக. பிறகு எழுந்திருக்கவே முடியாத சோர்வு, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஆறாம் நாள் காலையில் பால்காரர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், ஆத்தா பட்டாலைக் கூடத்தில் விழுந்து கிடந்தார். ரத்த அழுத்தம் 80க்கு 50. ரத்தத்தில் இருக்க வேண்டிய உப்பான சோடியம் மிகவும் குறைந்து 121.

மதுரையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா?" அரை நினைவிலும் ஆத்தா தலையை ஆட்டினார், இல்லை என்று. எனக்கும் உடனே தோன்றவில்லை. பொடியை நான் மருந்தாகவே நினைத்திருக்கவில்லை. இரண்டாவது தடவை அவர் முகத்தையும் கையிலிருந்த திட்டுகளையும் காட்டிக் கேட்டபோதுதான் சொன்னேன். காலையில் எடுத்த கார்டிசால் பரிசோதனையில் அளவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பி தினமும் கார்டிசால் சுரக்கிறது. ரத்த அழுத்தத்தையும் உப்பையும் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. இந்த மாதிரிப் பொடிகளில் சொல்லாமல் கலக்கிற, வலியைச் சட்டென்று அடக்கிக் கார்டிசால் மாதிரியே வேலை செய்கிற டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு வெளியிலிருந்து வாரக்கணக்கில் உள்ளே போனால், அதுதான் வருகிறதே என்று சுரப்பி வேலையை நிறுத்திவிடும். மருந்தைச் சட்டென்று நிறுத்தினாலும் சுரப்பி உடனே விழிக்காது, மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் உயிருக்கு ஆபத்து. ஆத்தாவுக்குக் கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்ட மறுநாளே எழுந்து உட்கார்ந்தார். இப்போது அதே மருந்தை மாத்திரையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள்.

டப்பாவில் மீந்திருந்த பொடியை ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் மூலிகை மட்டும் சாப்பிட்ட உடம்பு இப்படி ஆகாது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார்.

ஸ்டீராய்டே கெட்டது என்று சொல்லவில்லை. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி எலும்பு டாக்டர்களும் போடுகிறார்கள். அளவு தெரிந்து, இடைவெளி விட்டு, நமக்குச் சொல்லிவிட்டுப் போடுகிறார்கள். நாட்டு மருந்துக்கு எதிராகவும் எழுதவில்லை. அரசு மருத்துவமனையிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, முறையாகப் படித்துப் பதிவு செய்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சீட்டில் மருந்தின் பெயர் எழுதித் தருவார்கள். உரிமம் பெற்ற சித்த மருந்தின் லேபிளில் உரிம எண், தொகுதி எண், சேர்மானம், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் டப்பாவில் இருந்தது ஒரு பிள்ளையார் படம் மட்டும்.

சவ்வு திரும்ப வளரும் என்ற பேச்சுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மூட்டுச் சவ்வுக்குள் ரத்தக் குழாயே கிடையாது, அதனால் தேய்ந்தது தானாக ஆறி வளர்வதில்லை. எந்தப் பொடியும் மூன்று நாளில் அதை வளர்க்காது. வருடக்கணக்கான தேய்மான வலி மூன்று நாளில் சுத்தமாக மறைந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். மண்டபத்தில் விசாரித்தால், ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்கள், கொடுத்த முகவரி போலி என்றார்கள். ரசீது இல்லாமல் எதையும் நிரூபிப்பது கஷ்டம். சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிற மத்தியச் சட்டம் 1954லிருந்து இருக்கிறது. அது நம் ஊர் ஆட்டோ மைக்குக்கும் பொருந்தும், ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தானே. முகாம் நடக்கும்போதே நோட்டீஸைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் சொல்லுங்கள். ரசீது வைத்திருப்பவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டு வருடத்துக்குள் போகலாம், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் இல்லை.

இப்போது ஆத்தா முதல் டாக்டர் சொன்னதையே செய்கிறார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஐந்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்து விடுகிறார், காலை நேரம் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிற பயிற்சி. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் சுமை குறையும் என்று பிசியோதெரபி கொடுக்கிற பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறையுமாம். ஆத்தாவை மாற்றியது அந்தக் கணக்குதான், ராத்திரிப் பலகாரத்தை அவரே நிறுத்திவிட்டார். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பது இத்தனை நாள் எங்கள் யாருக்கும் தெரியாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். முகப்புப் படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டியிருந்தது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவரில் ஓட்டை போட ஆத்தா சம்மதிக்கவில்லை, அதனால் தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி குழாய் வைத்துக் கொடுத்தார் வெல்டர்.

வலி முழுதாகப் போகவில்லை. அடுப்படி நிலைப்படியைத் தாண்டும்போது இன்னும் முகம் சுளிக்கிறார். ஒரு நாள் கேட்டார், "அந்த ஆறு மாசம் நான் மனுஷியா நடந்தேன்ல, அது பொய்யாப்பா?" என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் எங்கள் தெருவில் மறுபடி ஒரு ஆட்டோ வந்திருக்கிறது, வேறு பெயர், அதே பேச்சு. ஆத்தா தடியோடு ஏழு படியும் இறங்கிப் போய், நோட்டீஸ் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரை நிறுத்தித் தன் முன்கையைக் காட்டியிருக்கிறார். நோட்டீஸையும் வாங்கி வைத்திருக்கிறார், இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்க.