லெஸ்டர் நகரில் ஒரு லக்னோ லாம்ப்ரெட்டா: பதினோரு ஆண்டு அனுபவம்

2013 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இந்த லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை வாங்கினேன். ஜி.பி. 150 மாடல், 1978-ஆம் ஆண்டு தயாரிப்பு. பதினோரு ஆண்டுகளில் ஏறத்தாழ 14,000 மைல்கள் ஓட்டியிருக்கிறேன். பழைய ஸ்கூட்டர் வாங்கும் ஆசையோடு என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: கையில் ஸ்பேனர் பிடிக்க மனமிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

என் வண்டி இத்தாலியில் செய்ததல்ல. மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியில் இன்னொசென்டி நிறுவனம் 1947-இல் தொடங்கிய உற்பத்தி 1971-இல் நின்றுபோனது. அந்த இயந்திரங்களையும் அச்சுகளையும் இந்திய அரசு வாங்கியது; 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் உருவானது. உள்நாட்டில் அவர்கள் விற்ற விஜய் சூப்பரைப் பலர் அறிவார்கள். ஏற்றுமதியான வண்டிகள் லாம்ப்ரெட்டா என்ற பெயரிலேயே ஐரோப்பாவுக்கு வந்தன. திருச்சியில் அப்பாவிடம் இருந்தது விஜய் சூப்பர். முன்னால் நான் நின்றுகொள்வேன், பின்னால் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். காலையில் கிளம்பாவிட்டால் வண்டியைச் சாய்த்து நிமிர்த்தி அப்பா உதைக்கும் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால், அதே தொழிற்சாலையில் பிறந்த வண்டி விற்பனைக்கு நிற்பதைக் கண்டபோது என்னால் நகர முடியவில்லை.

அந்த அவசரத்தில்தான் ஏமாந்தேன். விற்றவர் 'முழுக்கப் புதுப்பித்தது' என்றார். பளபளக்கும் பெயின்ட், புது சீட், புது டயர். 2,100 பவுண்டு கொடுத்தேன். மூன்றாம் மாதம் கால் வைக்கும் பலகையைக் கழற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. லாம்ப்ரெட்டாவின் முதுகெலும்பு ஒரு இரும்புக் குழாய். மேலே தெரியும் தகடுகள் எல்லாம் அதன்மேல் மாட்டிய போர்வைதான். என் வண்டியின் குழாய் துருவேறி, யாரோ ஒட்டுப்போட்டு, அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்படியே வேகமாக ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்தக் குழாயைச் சரிசெய்யவே நான்கு மாதம் ஆனது. வாங்கப் போகிறவர்கள் ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். தகட்டின் மேல் அது ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. பெயின்ட் அடிக்காத பழைய வண்டி கண்ணுக்கு அழகாக இருக்காது. ஆனால் அது எதையும் மறைக்காது.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. இந்திய உரிமத்தோடு இங்கே குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களே ஓட்டலாம். அதை இங்குள்ள உரிமமாக மாற்றித் தரமாட்டார்கள். 148 சி.சி. என்பதால் 125 சி.சி. வரையான பயிற்சி உரிமமும் போதவில்லை. அடிப்படைப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, இரண்டு வண்டி ஓட்டும் தேர்வுகள் எல்லாம் முடித்தேன். பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவனுக்குக்கூட அந்தப் பயிற்சி பயன்பட்டது. ஈரச் சாலையில் டிரம் பிரேக்கோடு எவ்வளவு முன்னதாக வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பதை அங்கேதான் உடம்பு கற்றது.

இனி எஞ்சின். இது இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலக்கவேண்டும். நம்மூர் பெட்ரோல் பங்க்குகளில் ஆயிலைக் கலந்து ஊற்றிய காலம் உண்டு. இங்கே நாமே கலக்கவேண்டும். நான் நூற்றுக்கு நான்கு என்ற அளவில் கலக்கிறேன், அதாவது ஐந்து லிட்டருக்கு 200 மில்லி. முதலில் ஆயில், அதன்மேல் பெட்ரோல். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் சேர்க்கிறார்கள். பழைய ரப்பர் பாகங்களுக்கு எத்தனால் ஆகாது. ஆகவே ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் சேராத விலைகூடிய பெட்ரோலையே போடுகிறேன். லிட்டருக்கு 28 கிலோமீட்டர் அளவில் கிடைக்கிறது.

2016 கோடையில் ஒருநாள், நகருக்கு வெளியே ஏ46 சாலையில் எஞ்சின் இறுகி நின்றது. அதற்கு இரண்டு வாரம் முன்பே அது எச்சரித்திருந்தது. சிக்னலில் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்ட பிறகும் எஞ்சின் உடனே அடங்காமல் சிறிதுநேரம் உறுமிக்கொண்டிருந்தது. கேபிள் சிக்குகிறது என்று நினைத்து எண்ணெய் விட்டேன். உண்மைக் காரணம் வேறு. பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ பக்கத்து ஆயில் சீல் தேய்ந்து, அதன் வழியே காற்று உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. காற்று கூடினால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, அதோடு வரும் ஆயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. நாற்பத்தைந்து மைல் வேகத்தில் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கியது. இடது கை தானாகவே கிளட்சை அழுத்தியதால் தப்பினேன். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அது கடவுள் செயல்.

இந்த ஒரு பாடத்தை யாரும் என்னைப்போல் சாலையில் கற்கவேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டும் எஞ்சின் அடங்கவில்லை என்றால் அன்றே நிறுத்துங்கள். வேகமாகப் போகும்போது இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர்மேல் இருக்கட்டும். புதுப் பிஸ்டன், சிலிண்டரைக் கடைந்து சரிசெய்தது, சீல்கள் எல்லாமாக 180 பவுண்டு ஆனது. ஒரு வயதான மெக்கானிக் தன் பட்டறையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் என் கையாலேயே கழற்றவைத்தார். அதற்குப் பிறகு பெரிய வேலைக்குக்கூட வண்டியை வெளியே கொடுத்ததில்லை. உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இத்தாலியிலும் இந்தியாவிலும் இன்னும் செய்கிறார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு கிளட்ச் கேபிள், ஒரு கியர் கேபிள், இரண்டு பிளக், ஒரு துண்டு உப்புத்தாள் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

நாற்பது வயது கடந்த வாகனங்களுக்கு இங்கே சட்டம் கனிவாக இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து என் வண்டிக்குச் சாலை வரி இல்லை; ஆனாலும் ஆண்டுதோறும் விண்ணப்பித்தாக வேண்டும். ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. நான் அதை விடுவதில்லை. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது. லண்டனின் புகைக் கட்டணம், ஒரு நாளுக்கு 12.50 பவுண்டு, வரலாற்று வாகனம் என்று பதிவானவற்றுக்குக் கிடையாது. என் வண்டி விடும் நீலப்புகையைப் பார்க்கும்போது அந்தச் சலுகை எனக்குச் சற்று உறுத்துகிறது. அதனால் அன்றாடம் வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். ஸ்கூட்டர் வார இறுதிக்கு மட்டும்.

கோடை ஞாயிறுகளில் ஏ6 வழியாக டார்பி தாண்டி மேட்லாக் பாத் வரை போவேன். ஆற்றோரத்தில் வரிசையாக நிற்கும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே இதையும் நிறுத்துவேன். எழுபது வயதைத் தாண்டியவர்கள் தாமாகவே வந்து பேசுவார்கள். அறுபதுகளில் 'மாட்' என்று அழைக்கப்பட்ட, உடையிலும் ஸ்கூட்டரிலும் மோகம்கொண்ட இளைஞர்கள் லாம்ப்ரெட்டாவில் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டு கடற்கரை ஊர்களுக்குப் போன கதை யாரிடமாவது இருக்கும். ஆனால் என் மனதில் நிற்கிறவர் வேறொருவர். லெஸ்டரின் மெல்டன் சாலையில் ஒரு குஜராத்திப் பெரியவர் என் வண்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். 1972-இல் உகாண்டாவிலிருந்து ஆசியர்கள் வெளியேற்றப்பட்டபோது, கம்பாலாவில் வீட்டு வாசலில் தன் லாம்ப்ரெட்டாவைச் சாவியோடு விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். "ஒருமுறை உதைக்கட்டுமா?" என்று கேட்டார். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. அவர் ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

நவம்பர் முதல் மார்ச் வரை ஓட்டுவதில்லை. பனிக்காகச் சாலையில் தூவும் உப்பு இரண்டே குளிர்காலத்தில் தகட்டைத் தின்றுவிடும். கார்புரேட்டரைக் காலிசெய்து, பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு, சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி வைக்கிறேன். இந்த ஆண்டு பின் ஷாக் அப்சார்பரை மாற்றவேண்டும்; பெட்டி வந்து கராஜில் காத்திருக்கிறது. பொங்கலுக்குள் மாட்டிவிட்டால், மார்ச் கடைசியில் அப்பா வரும்போது தயாராக இருக்கும். அவர் பின்னால் உட்காரமாட்டாராம். தானே ஓட்டவேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார்.